யாருக்கு அந்த மெஷின்?

அத்தியாயம் 11

பனங்கட்டி இன்னும் தீரவில்லை. சுபோதினியின் சமையலறை அலுமாரியில் ஒரு டப்பா நிறைய இருந்தது.

யாழ்ப்பாணத்துக்குப் போகாமலே யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியை ஒரு தொடர்மாடி முழுவதற்கும் பங்கிட்ட குடும்பம் வெள்ளவத்தையில் இது ஒன்றாகத்தான் இருக்கும். போன மாதம் சுபோதினி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் சரிந்ததும், ஆஸ்பத்திரியில் அவளுடைய இரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்ததும் நமக்குத் தெரியும். தொடர்மாடிக்காரர்களுக்குத் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அவள் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் வந்தவள். கணவர் சிவபாதசுந்தரம் ஊரில் இருக்கும் ஒரு மச்சானைப் பிடித்து, பனங்கட்டியையும் எள்ளுருண்டையையும் பஸ்ஸில் வரவழைத்து, கதவுக்குக் கதவு தட்டிக் கொடுத்துச் சாட்சி தேடிக்கொண்டார்.

எல்லாம் மகள் மிதுனாவின் சம்பந்தத்துக்காக. ஹெவ்லொக் டவுன் சரோஜினிதேவியின் மகன் பிரியந்தனோடு குறிப்புப் பொருந்திவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் கோப்பிக் கடையில் சந்தித்துக் கதைத்து, ஒருவருக்கு ஒருவரைப் பிடித்தும் போயிற்று. பெரியவர்கள் கூடியிருந்து சரி என்று சொல்வது மட்டும்தான் பாக்கி. இந்த நேரத்தில் பெண்ணின் தாய்க்கு இருதய வருத்தம் என்று வெளியே தெரிந்தால், பரம்பரை வருத்தமோ என்று யாராவது ஒருவர் இழுத்தால் போதும், சம்பந்தம் அந்த இடத்திலேயே நின்றுபோகும். சுபோதினி அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

ஆனால் டொக்டர் வேறு கணக்குப் போட்டிருந்தார். தினமும் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் திரும்பவும் என்னிடம்தான் வருவீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை காலையில் சிவபாதசுந்தரம் வரவேற்பறையின் நடுவில் முழங்காலில் நின்றார்.

"இஞ்சே சுபோ, உந்த டேப்பின்ர நுனியை ஒருக்காப் பிடியும்."

அவர் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அளக்காமல் ஒரு ஆணியும் அடிக்க மாட்டார்.

"சோபாவை யன்னல் பக்கம் தள்ளினால் ட்ரெட்மில் வடிவா நிக்கும். லிப்ற்றுக்குள்ளயும் போகும். நேற்றே அளந்துபோட்டன்."

"லிப்ற்றை அளந்தனீங்களோ? ஆரும் பாத்தவையோ?"

"செக்யூரிட்டி மட்டும்தான். அவனுக்கு என்ன விளங்கப் போகுது?"

சுபோதினி டேப்பை விட்டுவிட்டாள். அது சுருண்டு போய் அவருடைய விரலைத் தட்டியது.

"ரகசியமா ஒரு சாமான் வேண்டப்போறதுக்கு லிப்ற்றை அளந்து திரியிற மனிசனை நான் உங்களிலதான் பாக்கிறன்."

மிதுனா கட்டட வேலைக்குப் போடும் கனத்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கொட்டாஞ்சேனையில் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கட்டடத்தில் அவள் அளவைப் பொறியியல் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை அரை நாள்.

"அம்மா, எங்கட ஒழுங்கை முடியிற இடத்தில மரைன் டிரைவ் கிடக்கு. காத்தும் கடலுமா ஊரே நடக்குது. அதில நடந்தால் காணாதோ? ஏன் உந்த மெஷின்?"

"ஊரே நடக்கிறதுதானே பிள்ளை பிரச்சினை. ஆரும் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? உன்ர அலுவல் முடியட்டும், பேந்து பாப்பம்."

"என்ர அலுவல்," என்று மிதுனா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கடைக்கு நானும் வாறன். வேலை முடிஞ்ச கையோட நேரா வந்திடுவன். நான் வராமல் ஒண்டும் வேண்டிப்போடாதேங்கோ."

மகள் போனபின் சுபோதினி பல்கனிக்கு வந்து பார்த்தாள். ஒழுங்கையின் முடிவில் கடல் தெரிந்தது. காலை நடையை முடித்துத் திரும்பும் பெண்கள் இரண்டு மூன்று பேர் சிரித்துக் கதைத்தபடி வந்தார்கள். அதில் ஒருத்தியை அவளுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளவத்தையில் நாலு பெண்கள் சேர்ந்து நின்றால் அதில் ஒருத்தியாவது சுபோதினி டீச்சரின் விசிலுக்கு ஓடியவளாக இருப்பாள். தேகப்பயிற்சி ஆசிரியையாகவே தொடங்கி, தேகப்பயிற்சி ஆசிரியையாகவே ஓய்வு பெற்றவள் அவள். "ஓடி முடிச்ச உடன நிக்கப்படாது! நடவுங்கோ!" என்று அவள் மைதானத்தில் போட்ட சத்தம் காலி வீதி வரைக்கும் கேட்டது என்பார்கள். அந்தச் சுபோதினி டீச்சர் இன்று மதிலைப் பிடித்துப் பிடித்து நடந்து, மூச்சு வாங்கி வாங்கி நிற்பதை அந்தப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமா? அவள் பல்கனிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

லிப்ற்றுக் கதவு கீழே திறக்கும்போதே வினை தொடங்கியது. கீழ்மாடி ஹமீமா கைநிறைய மரக்கறியோடு நின்றாள்.

"டீச்சர், ஓடுற மெஷின் வாங்கப் போறீங்களாமே! செக்யூரிட்டி சென்னான்."

சுபோதினி கணவரைப் பார்த்தாள். அவர் லிப்ற்றின் கூரையைப் பார்த்தார்.

"யாருக்கு டீச்சர்?"

"இவருக்குத்தான்," என்றாள் சுபோதினி. "வயிறு வைக்குது."

சிவபாதசுந்தரம் அவசரமாக மூச்சை உள்ளே இழுத்தார்.

"எங்கட ஊட்டிலயும் ஒண்டு ஈக்குது. எங்கட அவர் டுபாயிலிருந்து வந்த நேரம் வாங்கின. இப்ப அதுக்கு மேல என்ட அபாயாக்கள்தான் காயுது. வேணுமெண்டா அதையே தூக்கிட்டுப் போங்களே, எனக்கு இடமாவது மிச்சமாகும்." ஹமீமா வாய்விட்டுச் சிரித்தாள். "ஒண்டு மட்டும் டீச்சர். சேர் ஓடினா எங்கட தலைக்கு மேலதான் ஓடணும். விடிய பஜ்ர் தொழுத பொறகு ஓடச் செல்லுங்க."

வீதிக்கு வந்ததும் சிவபாதசுந்தரம் மூச்சை விட்டார். அவருக்கு நல்ல கோபம்.

"ஏன் என்ர வயித்தை இழுத்தனீர்?"

"வேற என்னத்தைச் சொல்ல?"

"சரி, இனி ஆரும் கேட்டால் நான் பாத்துக்கொள்ளுறன். நீர் வாயைத் திறவாதையும்."

காலி வீதிக் கடையில் கீழே குளிர்சாதனப் பெட்டிகளும் கிரைண்டர்களும், மேல்மாடியில் உடற்பயிற்சிச் சாமான்களும் இருந்தன. ஓட்டோவை அமர்த்திக்கொண்டு போய், படியேறும்போதே சுபோதினிக்கு மேல்மூச்சு வந்தது. சாமான்களை நிதானமாகப் பார்க்கிற பாவனையில் படிக்கு ஒரு தரம் நின்றாள். கணவர் அவளுக்குப் பின்னால் ஏறி, கைப்பையைத் தான் வாங்கிக்கொண்டார்.

விற்பனைப் பெண் சிங்களத்தில் அன்பாகக் கதைத்தாள். மெஷினில் ஏறச் சொன்னாள். சுபோதினி தயங்கி நிற்க, "பய வென்ன எபா அன்ட்டி," பயப்பட வேண்டாம் என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

பட்டி மெல்ல நகர்ந்தது. சுபோதினி ஒரு கால் எடுத்து வைத்தாள். பிறகு மற்றக் கால். முதுகு தானாக நிமிர்ந்தது, தோள்கள் பின்னுக்குப் போயின, கைகள் வீச்சுக்கு வந்தன. வருத்தம் வந்த பிறகு இன்றைக்குத்தான் அவள் ஒழுங்காக நடக்கிறாள். இதைப் பார்க்க ஊர்க் கண் ஒன்றும் இல்லை. வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு இப்படி நடந்தால், சம்பந்தமும் குழம்பாது, டொக்டரும் சந்தோஷப்படுவார், சுபோதினி டீச்சரின் பெயரும் அப்படியே இருக்கும். அவள் முகத்தில் ஒரு சிரிப்பே வந்துவிட்டது.

"இதைத்தான் எடுப்பம்," என்றாள்.

"அட, சுபோதினியோ!"

அந்தக் குரலுக்கு அவள் கால்கள் பின்னிக்கொண்டன. விற்பனைப் பெண் பாய்ந்து மெஷினை நிறுத்தினாள். படி முடிகிற இடத்தில் சரோஜினிதேவி நின்றாள். மடிப்புக் குலையாத பருத்திச் சேலை, கையில் கிரைண்டர் ஒன்றின் மூடி.

"மூடி உடைஞ்சு போச்சு. கீழ கேட்டால் உதிரிப் பாகமெல்லாம் மேலயாம்," என்றபடி கிட்ட வந்தாள். சுபோதினியைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். "ஆருக்கு இது?"

சிவபாதசுந்தரம் ஒரு எஞ்சினியருக்குரிய வேகத்தில் யோசித்தார். மனைவிக்கு என்று சொல்ல முடியாது. தனக்கு என்றால், தகப்பனுக்கு என்ன வருத்தம் என்று கேள்வி வரும். ஹமீமாவின் சிரிப்பும் இன்னும் காதில் கிடந்தது. வீட்டில் மிச்சம் இருப்பது ஒரு ஆள்.

"பிள்ளைக்குத்தான். கலியாணத்துக்கு முதல் கொஞ்சம் மெலிஞ்சால் நல்லதெண்டு… இவ சும்மா ஏறிப் பாத்தவ."

சரோஜினிதேவியின் முகம் மாறியது.

"மிதுனாவுக்கோ? மெலியோணுமெண்டு ஆர் சொன்னது? நாங்கள் அப்பிடி ஒண்டும் கதைக்கேல்லையே."

"இல்லையில்லை, நீங்கள் ஒண்டும் சொல்லேல்ல. நாங்களாத்தான் யோசிச்சம். என்ன சுபோ?"

சுபோதினி வாய் திறந்திருக்கலாம். ஒரு சொல் போதுமாக இருந்தது. அவள் ஓம் என்று தலையாட்டினாள்.

தலையாட்டி நிமிரும்போதுதான் கண்டாள். சரோஜினிதேவிக்குப் பின்னால், படியின் கைப்பிடியைப் பிடித்தபடி மிதுனா நின்றாள். சப்பாத்தெல்லாம் சீமெந்துத் தூள். கையில் மஞ்சள் தலைக்கவசம். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்தைப் பார்த்த உடனே தெரிந்தது.

"வணக்கம் அன்ட்டி," என்றாள் மிதுனா. சிரித்தாள் கூட. அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சுபோதினிக்குத்தான் ஏலவில்லை.

சரோஜினிதேவி மிதுனாவின் தோளைத் தொட்டாள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். "நான் பின்னேரம் வீட்ட வாறன். கதைக்க வேண்டிய ஒரு விசயம் இருக்கு." வாங்க வந்த மூடியைக்கூட மறந்து கீழே இறங்கிப் போய்விட்டாள்.

விற்பனைப் பெண் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள். மிதுனா சிங்களத்தில் தன்மையாக, இன்றைக்கு வேண்டாம், யோசித்துவிட்டு டெலிபோன் எடுக்கிறோம் என்று சொன்னாள்.

திரும்பும்போது ஓட்டோவில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். மகளின் கை தாயின் கையோடு உரசிக்கொண்டு இருந்தது. மிதுனா அதை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, தாயின் மதிய மருந்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்த பிறகுதான் மிதுனா வாய் திறந்தாள்.

"நான் குண்டுதான் அம்மா. அது எனக்குத் தெரியும். நான் அதுக்கு ஒரு நாளும் வெக்கப்படேல்ல. இந்த உடம்போடதான் ஒவ்வொரு நாளும் கட்டடத்துச் சாரத்தில மாடி மாடியா ஏறி இறங்குறன். என்னோட ஏறுற பெடியங்கள் எனக்குப் பின்னால மூச்சு வாங்கிக்கொண்டு வருவாங்கள்."

"பிள்ளை, அப்பா வாய் தவறி…"

"அப்பா வாய் தவறினவர். நீங்கள் தலையாட்டினனீங்கள்."

சிவபாதசுந்தரம் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார். அவருக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"உன்ர கலியாணத்துக்காகத்தானே பிள்ளை," என்றாள் சுபோதினி. "அவைக்குத் தெரிஞ்சு, இது குழம்பிப் போனால்?"

"பிரியந்தனுக்குத் தெரியும்."

இருவரும் மகளை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உங்களை ஆஸ்பத்திரியில விட்ட அண்டைக்கே சொன்னனான். நான் கலியாணம் கட்டப்போற ஆளுக்குப் பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?"

"அப்ப அவற்ர தாய்க்கு?" என்றாள் சுபோதினி.

"'அதை உங்கட வீட்டாக்கள்தான் சொல்லோணும், நான் முந்திக்கொண்டு சொன்னால் அவைக்கு மரியாதையில்லை' எண்டவர். நாங்கள் சொல்லுவம் சொல்லுவம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறார்." மிதுனா தாய்க்கு முன்னால் குந்தினாள். "அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு மாப்பிள்ளை பகுதிக்குப் பயமோ, உங்கட பழைய பிள்ளையளுக்குப் பயமோ? நான் என்ர உடம்புக்கு வெக்கப்படேல்ல. நீங்கள் ஏன் உங்கட நெஞ்சுக்கு வெக்கப்படுறீங்கள்?"

மகளின் கலியாணத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு இத்தனை நாளும் சுபோதினி தன் பெயரைத்தான் காப்பாற்றி வந்திருக்கிறாள். அதற்குக் கடைசியில் மகளின் உடம்பையே விலையாகக் கொடுத்தாள். நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. அது வருத்தத்தின் எரிவு இல்லை.

அதோடு இன்னொன்றும் அந்த எரிவுக்குள்ளேயே கிடந்தது. இப்படி நிமிர்ந்து நின்று கதைக்கிற ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கிறேனே என்ற பெருமை. அதை வெளியே காட்ட இது நேரமில்லை என்று எழுந்து போய் முகம் கழுவினாள்.

சரோஜினிதேவி சொன்னபடி பின்னேரம் வந்தாள். கையில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம். உட்கார்ந்தாள். தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டதற்கு, கதைத்துவிட்டுக் குடிப்போம் என்றாள். அந்தச் சொல்லிலேயே சிவபாதசுந்தரத்துக்கு வேர்த்துவிட்டது.

"நான் நேராக் கேக்கிறன் சுபோதினி. எங்கட பக்கத்தில ஆரும் இந்தப் பிள்ளையின்ர உடம்பைப் பற்றி உங்களுக்கு ஏதும் சொன்னவையோ? சொன்னதெண்டால் ஆரெண்டு எனக்குத் தெரியோணும். வீட்டுக்கு வரப்போற பிள்ளையை மெலிஞ்சுகொண்டு வா எண்டு சொல்லுற குடும்பம் இல்லை நாங்கள். அப்பிடி ஒரு பேர் எங்களுக்கு வேண்டாம்."

சுபோதினி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குறை பிடிக்க வருகிறாள் என்று பயந்துகொண்டிருந்த மனுஷி, தன் மகளுக்காக வழக்குப் பேச வந்திருக்கிறாள். இதற்கு மேலும் மறைத்தால் மனுஷத்தனம் இல்லை.

"அக்கா, ஆரும் ஒண்டும் சொல்லேல்ல. அந்த மெஷின் பிள்ளைக்கு இல்லை. எனக்கு."

"உங்களுக்கோ?"

"போன மாதம் எனக்கு நெஞ்சுக்க வந்தது. ஸ்டென்ட் வைச்சிருக்கு. நடக்கச் சொன்னவை. வெளியில நடந்தால் தெரிஞ்சிடும், உங்கட காதுக்கு வந்திடும் எண்டு பயத்தில வீட்டுக்குள்ள நடக்கப் பாத்தம்."

சரோஜினிதேவி நெற்றியைச் சுருக்கினாள். "போன மாதமோ? நல்லூருக்குப் போனதெண்டு பனங்கட்டி தந்தனீங்களே."

"அது பஸ்ஸில வந்தது," என்றார் சிவபாதசுந்தரம் மிகச் சன்னமாக.

ஒருவரும் சிரிக்கவில்லை. சுபோதினி தொடர்ந்தாள். இப்போது அவள் குரல் மைதானத்தில் நிற்கிற குரலாக இருந்தது.

"இன்னும் ஒண்டு சொல்லோணும் அக்கா. என்ர பிள்ளை ஒரு இறாத்தலும் குறையத் தேவையில்லை. அவள் இப்பிடியே வடிவு. கடையில நான் தலையாட்டினது பெரிய பிழை. அதை அவளுக்கு முன்னால, உங்களுக்கும் முன்னால சொல்லுறன். இனி நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் இதுக்குப் பேந்து இந்த வீட்டில ஒரு பொய்யும் இல்லை."

மிதுனா சுவரோடு சாய்ந்து நின்றாள். அவள் கண்கள் நிறைந்து போயின. அதைத் துடைக்காமலே தாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சரோஜினிதேவி மிதுனாவின் பக்கம் திரும்பினாள்.

"பிரியந்தனுக்குத் தெரியுமோ?"

"ஓம் அன்ட்டி," என்றாள் மிதுனா. "நான் சொன்னனான். உங்களுக்கு நாங்கள்தான் சொல்லோணுமெண்டு அவர் சொல்லாமல் விட்டவர்."

"என்ர பிள்ளை எனக்கு ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறான்," என்றாள் சரோஜினிதேவி. அதில் கோபம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு பெருமூச்சு விட்டாள். "எனக்கு ஒண்டுமில்லை சுபோதினி. வருத்தம் ஆருக்குத்தான் இல்லை? ஆனால் என்ர மனிசன்ர தகப்பன் நெஞ்சு வருத்தத்திலதான் போனவர். சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவற்ர கண்ணுக்கு முன்னால. அண்டையில இருந்து இந்தக் கதையெண்டால் இவர் நடுங்கிப்போற ஆள். நான் அவருக்குச் சொல்லத்தான் வேணும். என்ன சொல்லுவாரெண்டு எனக்கே தெரியாது. போன உடன கதைச்சுப்போட்டுப் போன் எடுக்கிறன்."

தேத்தண்ணியைக் குடித்தாள், முழுவதும் குடித்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "மருந்தை விட்டிடாதேங்கோ," என்றாள். பிறகு லிப்ற்றுக்குள் போனாள்.

கதவு சாத்தியதும் சிவபாதசுந்தரம் சோபாவில் விழுந்தார். "முடிஞ்சுது. அவர் வேண்டாமெண்டுதான் சொல்லப்போறார்."

"சொன்னால் சொல்லட்டும்," என்றாள் சுபோதினி. அவள் சப்பாத்து ராக்கைக்குக் கீழே குனிந்து எதையோ தேடினாள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து கிடந்த வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து வெளியே வந்தது. தூசியைத் தட்டிக் காலில் போட்டாள். மிதுனா வந்து நாடாவைக் கட்டிவிட்டாள்.

"அப்ப மெஷின்?" என்றார் சிவபாதசுந்தரம்.

"கடைக்குப் போன் எடுத்து வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"நான் அளந்ததெல்லாம்?"

"சோபாவை யன்னல் பக்கம் தள்ளுங்கோ. காத்து வரும்."

நடக்கப் போக இறங்கியபோது, கீழ்மாடியில் ஹமீமா லிப்ற்றுக்குள் ஏறினாள். "எப்ப டீச்சர் மெஷின் வருது?"

"வராது ஹமீமா. அது இவருக்குமில்லை. எனக்கு நெஞ்சில ஸ்டென்ட் வைச்சது. நடக்கச் சொன்னவை, நடக்கப் போறன்."

ஹமீமா வாயில் கை வைத்தாள். "அல்லாவே, இதையா டீச்சர் ஒளிச்சீங்க? எங்கட உம்மாக்கு ரெண்டு ஈக்குது. அவ கொச்சிக்கடை மார்க்கட்டுக்குப் போய் மீன்காரனோட சண்டை பிடிச்சிட்டு வாறா!" அவள் சுபோதினியின் கையைப் பிடித்து அழுத்தினாள். பக்கத்தில் நின்ற சிவபாதசுந்தரத்துக்கு அன்று முதல்முறையாக வயிற்றைத் தளர்த்தி நிற்க முடிந்தது.

மரைன் டிரைவில் வெயில் சாய்ந்திருந்தது. தண்டவாளத்துக்கு அப்பால் கடல் இரைந்தது. தெகிவளைப் பக்கம் போகும் ரயிலில் ஆட்கள் வாசலில் தொங்கிக்கொண்டு போனார்கள். சுபோதினி நடந்தாள். மெல்லத்தான் நடந்தாள். ஒரு பக்கம் மகள், மற்றப் பக்கம் கணவர். மெஷினில் கிடைத்த வீச்சு இங்கே கிடைக்கவில்லை. எதிர்க்காற்று நெஞ்சில் முட்டியது. கொஞ்சத் தூரத்திலேயே நிற்க வேண்டி வந்தது.

"டீச்சர்!"

பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு ஒரு இளம் தாய் வந்தாள். பழைய மாணவி. பெயர் நினைவில்லை, தடை தாண்டி ஓடிய கால்கள் நினைவில் இருந்தன. "என்ன டீச்சர், களைச்சுப்போய் நிக்கிறீங்கள்?"

காலையில் எந்தக் கேள்விக்குப் பயந்து பல்கனிக் கதவைச் சாத்தினாளோ, அதே கேள்வி. சுபோதினி நிமிர்ந்தாள்.

"இருதயத்தில ஸ்டென்ட் வைச்சிருக்கு பிள்ளை. இண்டைக்குத்தான் வெளியில நடக்கத் தொடங்கினனான். களைக்குதுதான். நாளைக்கு இதைவிடக் கொஞ்சம் கூட நடப்பன்."

அந்தப் பெண்ணின் முகத்தில் இரக்கம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. மைதானத்தில் வரிசையில் நிற்பதுபோல அவள் தன்னையறியாமல் நேராக நின்றாள். "நாளைக்கு நானும் வரட்டோ டீச்சர்? பிள்ளை பிறந்த பிறகு நான் ஓடவேயில்லை."

"வா. நேரத்துக்கு வா," என்றாள் சுபோதினி டீச்சர்.

அவள் போன பிறகும் சுபோதினியின் உதட்டில் சிரிப்பு நின்றது. திரும்பவும் நடக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். சரோஜினிதேவி.

"எடும், எடும்," என்று சிவபாதசுந்தரம் பதறினார். "இவ்வளவு கெதியா எடுக்கிறா எண்டால்… எடும் சுபோ!"

சுபோதினியின் கால்கள் நின்றுவிட்டன. விரல் திரைக்குக் கிட்டப் போய்த் தயங்கியது. பதில் அதற்குள்தான் இருக்கிறது. மகளின் வாழ்க்கைக்கு ஓமா இல்லையா என்ற பதில்.

மிதுனா தாயின் கையிலிருந்து போனை வாங்கினாள். ஒரு கணம் திரையைப் பார்த்தாள். எடுப்பாள் என்றுதான் நினைத்தாள். மிதுனா அதைத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டாள்.

"நாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டம் அம்மா. அவையின்ர பதில் ஓடிப் போகாது. முதல்ல அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் போவம்."

"பிள்ளை, உன்ர…"

"ஓடி முடிச்ச உடன நிக்கப்படாது," என்றாள் மிதுனா, மைதானத்துக் குரலில். "நடவுங்கோ!"

மதிலில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நினைத்தாள் சுபோதினி. எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும், இது என் பிள்ளை. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த காலை எடுத்து வைத்தாள். மிதுனாவின் பைக்குள் போன் அடித்து ஓய்ந்தது. விளக்குக் கம்பம் கிட்ட வரும்போது திரும்பவும் அடிக்கத் தொடங்கியது.